பாதிக் கையெழுத்து

கோம்பேவுக்குக் காலையிலேயே வயிற்றெரிச்சல். மேஜைக்கு பாலிஷ் போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மனிதரோ இடது கையில் ஒரு கனத்த இரும்புக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒரு தடவை அதை மேஜை விளிம்பில் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கோம்பேவின் பல் கூசியது.

வந்தவர் பெயர் கிதாகா. மொம்பாசா சரக்கு முனையம் ஒன்றில் சுங்கத் துணை அதிகாரி. கார் இருந்தும் டுக்டுக் ஆட்டோவில் வந்திருந்தார். சீருடை இருந்தும் பூப்போட்ட சட்டை. கீழே மஹம்ரி ரொட்டி பொரிக்கும் கடையின் எண்ணெய்ப் புகையைத் தாண்டி மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு இரைத்தது. இத்தனை பாடு பட்டு ஒருத்தர் வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? கோம்பே சந்தேகப்பட்டான். அவனுக்கு அதுதான் சம்பளம். வாய் மட்டும் சம்பளமில்லாத உபரி.

துப்பறிகிற வேலை வாகேஷோவுடையது. பத்து வருஷம் சுங்கத்தில் துணி தடவிப் பார்த்து வரி வகை எழுதியவள், ராஜினாமா செய்துவிட்டு இந்த அறையை எடுத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது. பேசுவதைவிடத் தடவிப் பார்ப்பது அதிகம்.

கிதாகா சொன்ன கதை இது. அவருக்குக் கீழே ரிஸீக்கி என்று ஒரு பரிசோதகர். இரண்டு மாதத்துக்கு முன்னால் சோபாத் துணி கன்டெய்னர் ஒன்று வந்தது. இறக்குமதி செய்த முதலாளி அதை ஒட்டு வெல்வெட் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதாவது துணிமேல் பசை தடவி, நூல் தூளைத் தூவி ஒட்டியது. ரிஸீக்கி சாம்பிள் வெட்டிப் பார்த்துவிட்டு, இது நெய்த வெல்வெட், வரி அதிகம் என்று மாற்றி எழுதினாள். சண்டை வந்து சாம்பிள் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே பார்த்தால், முதலாளி சொன்னபடி ஒட்டு வெல்வெட்டேதான். ரிஸீக்கி லஞ்சம் கேட்டாள், கொடுக்காததால் பழி வாங்கினாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. இன்று நாலு மணிக்கு நைரோபியிலிருந்து வரும் அதிகாரி முன்னால் கடைசி விசாரணை. தோற்றால் வேலையும் போய், நேராகச் சிறை.

"நல்ல பொண்ணு மேடம். எனக்கு மனசு கேக்கல" என்றார் கிதாகா. கடிகாரம் இன்னொரு கோடு இழுத்தது.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து வைத்தார். நாவல்பழ நிறம். விசாரணைக்குப் போக வேண்டிய அந்தச் சாம்பிளையே தைரியமாக எடுத்து வந்திருந்தார். பின்பக்கம் ஓரத்தில் மையால் கிறுக்கிய ஒரு கையெழுத்தின் பாதி. மீதிப் பாதி இல்லை.

வாகேஷோவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோம்பேவுக்குத்தான் அவள் சொன்னாள். பழைய ஆட்கள் சிலர், ரோலின் மூலையில் துணியின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்தின் நடுவிலேயே கத்தரியை விடுவார்கள். ஒரு பாதி சாம்பிளோடு வரும். மறுபாதி ரோலிலேயே நிற்கும், பக்கத்தில் கன்டெய்னர் எண்ணோடு. நாளைக்கு யாராவது சாம்பிளை மாற்றினால் இரண்டு பாதியும் சேராது.

அவள் ஊக்கு முனையால் துணியிலிருந்து ஒரு மயிரை நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். கண் இமை மயிர்போல நேராக, ஒற்றையாக, அடியில் பசைப் பொட்டோடு கிடந்தது.

"ஒட்டுதான். ஆய்வுக்கூடம் பொய் சொல்லலை" என்றாள்.

கையெழுத்தும் ரிஸீக்கியுடையதுதானாம். கையெழுத்து நிபுணர் சொல்லிவிட்டார், அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். ஆனாலும் தான் வெட்டியது இந்தத் துணி இல்லை என்று சாதிக்கிறாள். மற்ற ரோல்களெல்லாம் பிணையில் விடுபட்டு உள்நாட்டுக்குப் போய்ச் சோபாவாகி, அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்தும் ஆயிற்று. சாம்பிள் வெட்டிய ரோலின் மூலைத்துண்டு கிடைத்தால் மட்டுமே அவள் பிழைப்பாள்.

"அதைக் கண்டுபிடிங்க. மூணு மணிக்குள்ள என் கையில கொடுங்க. ரிஸீக்கிகிட்ட வேணாம், பதட்டத்துல எதையாவது பண்ணி வச்சிடுவா. நான் முறைப்படி சேர்த்துடறேன்."

சாம்பிளை உறையில் போட்டுக்கொண்டு அவர் போனதும் கோம்பே கைக்குட்டையால் மேஜையைத் தேய்த்துப் பார்த்தான். கோடு போகவில்லை.

"அக்கா, மேலதிகாரி கீழ இருக்கறவளுக்காக மூணு மாடி ஏறி நான் பார்த்ததில்லை."

"ஊருக்கு ஒரு நல்லவன் இருந்துட்டுப் போகட்டுமே."

"இருக்கட்டும். ஆனா என் மேஜையை விட்டுட்டு இருக்கட்டும்."

*

ரிஸீக்கி வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். லிக்கோனி படகுத்துறையில், ஏறுகிற கூட்டத்துக்கும் இறங்குகிற கூட்டத்துக்கும் நடுவே ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வறுத்த மரவள்ளிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. வீட்டில் பார்த்தால் என்ன குறைந்துவிடும், எதை மறைக்கிறாள் என்று கோம்பேவின் மண்டை குடைந்தது. காரணத்தை அவளே சொன்னாள். பக்கத்து வீட்டார் யாரும் இப்போது அவள் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. நேற்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே, லஞ்சக் காசில் மாட்டிய ஜன்னல் திரை நன்றாக இருக்கிறது என்றாளாம்.

"அந்தத் திரை பழைய பருத்திச் சேலைத்துணி அக்கா. நானே தைச்சது" என்றாள். சொன்னவள் அழுதுவிட்டாள்.

வாகேஷோ அவளை அழ விட்டாள். பிறகு அன்று என்ன நடந்தது என்று கேட்டாள். ரிஸீக்கி கையைக் காற்றில் வைத்து, விரல் நுனியால் எதையோ பிடித்து இழுத்துக் காட்டினாள். அவள் உருவிய குஞ்சம் அடி நூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கவட்டை மாதிரி வந்ததாம். ஒட்டின துணியில் கவட்டை வராது. நெய்ததில் மட்டும்தான் வரும். பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரம் தடவை உருவியிருப்பாள், மறக்குமா?

சாம்பிள் அலமாரிச் சாவி யார் யாரிடம் என்று வாகேஷோ கேட்டாள். மூன்று பேரிடம். பண்டகக் காப்பாளர், ஆய்வுக்கூடத்துக்குச் சாம்பிள் கொண்டுபோகிறவர், கிதாகா சார். பண்டகக் காப்பாளர் போன மாதம் புது மோட்டார் சைக்கிள் வாங்கினார் என்று கேட்டதும் கோம்பேவுக்குக் காது விறைத்தது. கேஸ் முடிந்துவிட்டது என்றே அவன் நினைத்தான்.

"மூலையில வெட்டுப்பட்ட ரோலை என்ன பண்ணுவாங்க?" என்றாள் வாகேஷோ.

"நைரோபியில துணி வாங்கறவங்க தொட மாட்டாங்க அக்கா. சாங்கம்வே ரோட்டோரம் சோபா பண்றவங்க தலையில கட்டிடுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

கிளம்பும்போது ரிஸீக்கி வாகேஷோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், லஞ்சக்காரி என்ற பேரோடு மட்டும் தன்னை உள்ளே அனுப்பிவிட வேண்டாம் என்றாள். மரவள்ளிப் பொட்டலத்தைக் கோம்பே பிரித்து அவள் கையில் வைத்தான்.

*

சாங்கம்வே சாலை ஓரம் முழுக்கச் சோபா. வெயிலில் வரிசையாக, யாரோ வீட்டைக் காலி செய்து பாதியில் ஓடிவிட்ட மாதிரி கிடந்தன. நாவல்பழ நிறத்தைத் தேடி இருவரும் பதினோரு பட்டறை ஏறி இறங்கினார்கள். ஏழாவது பட்டறையில் கோம்பேவை மாப்பிள்ளை என்று நினைத்துக் கல்யாணச் செட்டு ஒன்றை விற்கப் பார்த்தார்கள். அக்காவைப் பார்த்துவிட்டு மாமியாரா என்று கேட்டதை அவன் சாகும்வரை அவளிடம் சொல்லப்போவதில்லை.

பன்னிரண்டாவது பட்டறை ஃபுண்டி முவேரோவுடையது. அந்த ஊரில் கைவேலைக்காரர் யாராக இருந்தாலும் ஃபுண்டிதான். வாயில் ஒரு வரிசை பித்தளை ஆணியைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நாவல்பழ நிறத்தில் இரண்டு ஒற்றைச் சோபா.

வாகேஷோ கேட்காமலே ஒன்றின் அடியில் குனிந்து, மடித்து அடித்த ஓரத்தில் ஒரு குஞ்சத்தை உருவினாள். கவட்டை.

முவேரோ ஆணிகளைத் துப்பினார். "என்ன தங்கச்சி, வாங்க வந்தீங்களா, பிச்சுப் போட வந்தீங்களா?"

மூலையில் மை எழுத்து இருந்த துண்டு எங்கே என்று அவள் கேட்டாள். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெட்டுப்பட்டு, மை பட்டு வந்த மூலை. சோபாவுக்கு ஆகாது. ஆனால் அருமையான வெல்வெட்டைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வராது. சாங்கம்வேயில் எந்தச் சோபாவின் வயிற்றைக் கிழித்தாலும் உள்ளே வேறு நாலு வீட்டுத் துணி இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். வெளித்துணி கிழியாமல் இருக்க, ஸ்பாஞ்சுக்கு மேலே உள்ளுறையாக இந்த மாதிரித் துண்டைத்தான் போடுவார்.

"எதுக்குள்ள போட்டீங்க அண்ணே?"

"ரோல் வந்த அதே லாரியில ஒரு ஆபீஸ் நாற்காலி வந்துச்சு. பெரிய முதுகு, கை வச்சது. துணி அனுப்பின முதலாளி, இதைச் சொந்த வேலையா பாருன்னார். மேல கறுப்பு ரெக்ஸின் போட்டேன். உள்ள அந்த மைத்துண்டு."

யார் நாற்காலி என்று அவருக்குத் தெரியாது. லாரிக்காரன் கொண்டுவந்தான், லாரிக்காரனே கொண்டுபோனான், ஆறு வாரம் ஆகிறது. கோம்பே தலையில் கை வைத்துக்கொண்டான். மொம்பாசாவில் கறுப்பு ரெக்ஸின் நாற்காலி எத்தனை! ஒவ்வொரு ஆபீசிலும் போய் எழுந்திருங்கள் என்றால் ராத்திரிக்குள் அடி வாங்கியே செத்துப்போவான். மணி இரண்டரை.

வாகேஷோ அவசரப்படவில்லை. நாற்காலி வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டாள். முவேரோ முகத்தைச் சுளித்தார். "வலது கை புதுசு மாதிரி. இடது கை மட்டும் மரம் தெரியற அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு. இரும்பால அறுத்த மாதிரி கோடு கோடா."

அவள் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அப்போது பார்த்து அவளுடைய போன் அடித்தது. கிதாகா. துண்டு கிடைத்ததா, தானே வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றாள். கிட்டத்திலேகூடப் போக முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். மறுமுனையில் அவர் விட்ட பெருமூச்சு கோம்பேவுக்கே கேட்டது.

"காசு கொடுக்கற ஆளுகிட்டயே பொய்யா அக்கா?"

"அந்தப் பெருமூச்சு வருத்தத்துல விட்டதா, நிம்மதியில விட்டதா?"

கோம்பே யோசித்தான். வருத்தம் மாதிரி இல்லை.

"காலையில மேஜையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழுதியே. எந்தக் கை கீறினது?"

"இடது" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். புது மோட்டார் சைக்கிள் வாங்கியதால் அவன் திருடனாக்கி வைத்திருந்த பண்டகக் காப்பாளர் அந்த நிமிஷமே நிரபராதி ஆனார்.

அவள் முவேரோவிடம் திரும்பினாள். "அண்ணே, ஆணி பிடுங்கியையும் கத்தரியையும் எடுத்துக்குங்க. ஒரு இடத்துக்குப் போகணும்."

*

விசாரணைக் கூடத்தில் குளிர்சாதனம் கெட்டுப்போயிருந்ததால் கிதாகாவின் அறையிலேயே விசாரணை. நைரோபியிலிருந்து வந்தவர் ஜெரோத்திச் என்ற மூத்த பெண் அதிகாரி. வெள்ளைத் தலைமுடி, தூங்காத கண். எந்தக் கோப்பையும் இரண்டாவது தடவை திருப்பிப் பார்க்க மாட்டார், முதல் தடவையே முடிவு என்று பேர். கிதாகா மரியாதையாகத் தன் சொந்த நாற்காலியையே அவருக்குப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரிஸீக்கி சுவரோரம் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் தரப்பில் பேச வாகேஷோவும் கோம்பேவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், முவேரோ வாசலிலேயே நின்றார்.

கோம்பே நாற்காலியைப் பார்த்தான். கறுப்பு ரெக்ஸின். பெரிய முதுகு. கூடவே அதன்மேல் நைரோபி அதிகாரி.

சாம்பிள் காட்டப்பட்டது. ஆய்வுக்கூட அறிக்கை படிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஏதாவது உண்டா என்று ஜெரோத்திச் கேட்டார்.

வாகேஷோ எழுந்தாள். "ஒரு கேள்விதாங்கம்மா. உக்கார வசதியா இருக்கா?"

அறையில் யாரோ இருமினார்கள். ஜெரோத்திச் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "இது விசாரணைக்குச் சம்பந்தப்பட்டதா?"

"விசாரணையே அதுமேலதான் உக்காந்திருக்கு. கொஞ்சம் எழுந்திருக்கணும்."

கிதாகா துள்ளி எழுந்தார். அரசாங்கச் சொத்து, கிழிக்கக் கூடாது, இந்த அம்மாளுக்கு இங்கே என்ன வேலை என்று மூச்சுவிடாமல் பேசினார். காலையில் மூன்று மாடி ஏறியபோதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை. யார் கிழிக்கப்போவதாகச் சொன்னது என்று வாகேஷோ மெதுவாகக் கேட்டாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வாசலில் ஒரு ஆள் கத்தரியோடு நிற்பதைப் பார்த்து அவரே போட்ட கணக்கு அது.

ஜெரோத்திச் அவரை ஒரு முறை பார்த்தார், வாசலில் நின்ற கத்தரியை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்து தள்ளி நின்றார். "பிரிங்க."

முவேரோ உள்ளே வந்து நாற்காலியைப் புரட்டினார். தன் கையால் அடித்த ஆணிகளை ஒருமுறை தடவிப் பார்த்து, அத்தனையும் அசையாமல் இருக்கிறது, அடித்த பிறகு யாரும் தொடவில்லை என்றார். நாற்காலியின் இடது கையைத் தடவியவர் உச்சுக் கொட்டினார். "ஆறு வாரத்துல என் ரெக்ஸினையும் அறுத்துட்டாரே."

எல்லாரும் பார்த்தார்கள். கறுப்பு ரெக்ஸினில் கோடு கோடாகக் கீறல். பிறகு எல்லாரும் கிதாகாவின் இடது மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஆணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. ரெக்ஸின் விலகியது. ஸ்பாஞ்சின் மேலே நாவல்பழ நிற வெல்வெட். முவேரோ அதை உருவிப் பின்பக்கம் திருப்பினார். கன்டெய்னர் எண், மூலையில் வெட்டு, வெட்டின் ஓரத்தில் பாதிக் கையெழுத்து.

ரிஸீக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீதியை வாகேஷோ சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். சாம்பிளில் இருக்கும் கையெழுத்து ரிஸீக்கியுடையதுதான், ஆனால் வேறு கேஸ். அலமாரியில் அவள் வெட்டிய பழைய சாம்பிள்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அதே நிறத்தில் ஒரு பழைய ஒட்டுத்துணியைத் தேடி எடுத்து மாற்றி வைத்தவர், அலமாரிச் சாவி வைத்திருக்கும் கிதாகா. அதற்காக முதலாளி செய்த உபசாரங்களில் ஒன்று இந்த நாற்காலிக்குப் போட்ட புது உறை. நாற்காலி, ரோல் போன லாரியிலேயே போய் வந்தது. மறுபாதி எங்கே என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. விசாரணைக்கு முன்னால் அதை அழிக்க வேண்டும், தேடிக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் மூன்று மாடி ஏறினார்.

"ஆறு வாரமா அதுமேலதான் உக்காந்திருந்தீங்க சார்" என்றான் கோம்பே. "மேடம் உங்களுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுத் தேடினாங்க."

இதையெல்லாம் இவர்களே உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள் என்று கிதாகா ஆரம்பித்தார். ஜெரோத்திச் கையை உயர்த்தியதும் வாய் அடைத்தது. அவர் இரண்டு துண்டையும் மேஜையில் வெட்டோடு வெட்டு வைத்துப் பார்த்தார். சேரவில்லை. ஒன்றின் மைக்கோடு மேலே போக, மற்றதன் கோடு கீழே போனது.

பிறகு அவர் சுவரோரம் நின்றவளைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த அறையில் யாரோ ரிஸீக்கிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"நான் யார் சொன்னதையும் எடுத்துக்கல. நீங்க பரிசோதகர். இது என்ன துணி, நீங்களே சொல்லுங்க."

ரிஸீக்கி வெல்வெட்டை எடுத்தாள். முதல் இரண்டு தடவை விரல் வழுக்கியது. மூன்றாவது தடவை ஒரு குஞ்சம் வந்தது. அதை வெள்ளைத் தாளில் வைத்தாள். கவட்டை, அடி நூலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"நெய்த வெல்வெட். வரி வகை ஐம்பத்தெட்டு பூஜ்யம் ஒண்ணு" என்றாள். கண்ணீர் தாளில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அன்னைக்கு எழுதினதும் இதுதாம்மா."

ஜெரோத்திச் கோப்பைத் திருப்பினார். விசாரணை ரிஸீக்கிமேல் இல்லை என்று முதல் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து எழுதிவிட்டு, கிதாகா இந்த அறையை விட்டுப் போகக் கூடாது என்று வாசல் காவலரிடம் சொன்னார். கிதாகா ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த வெல்வெட்டிலிருந்து முறைப்படி புதுச் சாம்பிள் எடுக்க வேண்டும் என்றார் ஜெரோத்திச். கோம்பே தன் பேனாவை நீட்டினான். ரிஸீக்கி துணியைப் பின்பக்கம் திருப்பி, எழுத்தில்லாத ஓரத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். முவேரோவிடம் கத்தரியை வாங்கி, கையெழுத்தின் நடுவில் வெட்டினாள். ஒரு பாதியை ஜெரோத்திச்சிடம் கொடுத்தாள். மறுபாதியை எங்கே வைப்பது என்று முவேரோ கேட்டார்.

"இந்தத் தடவை என்கிட்டயே இருக்கட்டும் அண்ணே" என்றாள் ரிஸீக்கி.